வீட்டுக் கணினிக்குக் காவல் மாற்றும்போது

மன்னார்குடியிலிருந்து பெரியப்பா போன் செய்தார். குரலில் பதற்றம். "ஏம்பா, சிஸ்டத்துல ஆறு வைரஸ் இருக்காம். இன்னிக்கே பணம் கட்டிப் புதுப்பிக்கலைன்னா எல்லாம் அழிஞ்சிடும்னு வருது. கார்டு நம்பர் போடட்டுமா?"

"எதையும் தொடாதீங்க பெரியப்பா. திரையை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றேன்.

படம் வந்தது. திரையின் வலது கீழ்மூலையில் ஒரு சின்னப் பெட்டி. சிவப்புக் கேடயம், பெயர்பெற்ற ஒரு ஆன்டிவைரஸின் பெயர், வரிசையாக ஆச்சரியக்குறிகள். அதே பெட்டிக்குள் பொடி எழுத்தில் 'கூகுள் குரோம்' என்றும், அதன் பக்கத்தில் வாயில் நுழையாத ஓர் இணைய முகவரியும் இருந்தன. அவருடைய கணினியில் அந்த ஆன்டிவைரஸே கிடையாது. என்றோ பழைய பாட்டு தேடப் போன தளத்தில் "அறிவிப்புகளை அனுமதிக்கவா?" என்று கேட்டதற்கு 'சரி' என்று அழுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தளம் பெட்டி பெட்டியாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. குரோம் அமைப்புகளில் அறிவிப்புப் பட்டியலைத் திறந்து அந்த முகவரியை நீக்கினோம். பெட்டி மறுபடி வரவில்லை.

நான் உட்கார்ந்து பார்த்த வீட்டுக் கணினிகள் பலவற்றில் இதே கதைதான். வைரஸ் வந்து போன பணத்தைவிட, வைரஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில் போன பணம் அதிகம். அதனால் எதை வாங்குவது என்று யோசிக்கும் முன், ஏற்கெனவே கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

2012-ல் விண்டோஸ் 8 வந்தது முதல் மைக்ரோசாப்ட் டிஃபென்டர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. தனிக் கட்டணம் இல்லை. வேறு ஆன்டிவைரஸ் போட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். போட்டதை எடுத்துவிட்டால் மறுபடி வேலைக்கு வரும். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரண்டு ஆய்வகங்களும் ஆன்டிவைரஸ்களைச் சோதித்து மதிப்பெண்ணை எல்லோரும் பார்க்க வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலில் டிஃபென்டரும் உண்டு, கட்டணம் வாங்கும் பல பொருள்களுக்குச் சமமாக நிற்கிறது. கரண்ட் பில், வங்கி, பிள்ளைகளின் பாடம், யூடியூப் என்ற அளவில் புழங்கும் வீட்டுக்கு அதுவே போதும் என்பது என் முடிவு. சந்தாவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, கல்யாண போட்டோக்களையும் பத்திர ஸ்கேன்களையும் நகலெடுத்துவிட்டு, ஒயரைக் கழற்றி பீரோவில் வையுங்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், கழற்றி வைத்த டிஸ்க்கைத் தொட முடியாது.

கட்டண ஆன்டிவைரஸ் வேண்டிய வீடுகளும் இருக்கின்றன. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் பென் டிரைவ் தினமும் செருகப்படுகிறது, ஃபோல்டரெல்லாம் மறைந்து ஷார்ட்கட்டாகத் தெரிகிறது, பிள்ளைகள் பார்ப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும், சிக்கல் வந்தால் போனில் பேச ஓர் ஆள் வேண்டும் என்றால் வாங்கலாம். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் என நம் நாட்டு நிறுவனங்களும் உண்டு. எதை வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். சர்வீஸ் கடையில் "நானே போட்டுத் தர்றேன் சார்" என்று கிராக் செய்து போடும் ஆன்டிவைரஸ், காவல்காரனைக் கட்டிப் போட்டுவிட்டு அவன் சட்டையை வேறொருவனுக்கு மாட்டிவிடுவது போன்றது. கிராக் கோப்புக்குள்ளேயே தீநிரலை வைத்து அனுப்புவது பழைய வழக்கம்.

பழைய விண்டோஸின் ஓட்டைகளை எந்த ஆன்டிவைரஸாலும் அடைக்க முடியாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. பதியாத கணினி என்றால் முதல் செலவு அங்கேதான்.

இலவச ஆன்டிவைரஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் எந்தெந்தத் தளம் பார்க்கிறோம் என்ற விவரத்தைத் திரட்டி, தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக விற்றது என்று அவாஸ்ட் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2024-ல் 1.65 கோடி டாலர் கட்ட அவாஸ்ட் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் காஸ்பர்ஸ்கி தடை செய்யப்பட்டபோது, அங்கே பலர் கணினியில் அது போய் அல்ட்ராஏவி என்ற வேறொன்று தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. ஆன்டிவைரஸுக்கு நாம் கொடுக்கும் அதிகாரம் அவ்வளவு பெரியது. ஒப்பந்தத்தில் 'சம்மதம்' அழுத்தும் முன், தகவல் பகிர்வு என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பெரியப்பா கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று அவர் வாங்கியது, இன்னொன்று ரிப்பேருக்குக் கொடுத்தபோது யாரோ போட்டது. ஒன்று திறக்கும் கோப்பை மற்றது பிடித்து நிறுத்தும். கணினி எழுந்து நிற்பதற்குள் அவர் காபி குடித்து முடித்துவிடுவார்.

மாற்றும்போது அவசரம் வேண்டாம். பழைய ஆன்டிவைரஸோடு வந்த பாஸ்வேர்டு மேனேஜரைப் பயன்படுத்தியிருந்தால், முதலில் அந்தப் பாஸ்வேர்டுகளை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். இதை மறந்து ஜிமெயிலுக்குள்ளேயே நுழைய முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தனிமைப்படுத்தி வைத்த கோப்புகளில் வேண்டியது எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். ஆன்டிவைரஸை அழித்துவிட்டால் சந்தா தானாக நின்றுவிடாது, இரண்டும் வேறு வேறு. புதியதை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு பழையதை நீக்குங்கள். மிச்சத்தைத் துடைக்க அந்தந்த நிறுவனமே ஒரு நீக்கும் கருவி தரும். அதையும் ஓட்டிவிட்டு கணினியை அணைத்துப் போடுங்கள். புதியதை நிறுவியதும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து வைரஸ் பாதுகாப்பு என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே பெயர் காவலில் இருந்தால் வேலை முடிந்தது.

பெரியப்பா வாங்கியது முதல் வருடம் சலுகை விலையில் வந்தது. மறுவருடம் அதைப்போல மூன்று மடங்கு கணக்கிலிருந்து போயிருந்தது. முந்தின நாளே வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது, விளம்பரம் என்று விட்டுவிட்டார். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி இதுதான்: கார்டில் தொடர் பிடித்தம் செய்ய நம் அனுமதியைத் தனியாகப் பெற வேண்டும், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் தர வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். வங்கிச் செயலியில் இந்தத் தொடர் அனுமதிகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள், மறந்துபோன சந்தாக்கள் அங்கே இருக்கும்.

2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஏமாற்று உத்திகளைத் தடை செய்தது. ரத்து செய்ய முடியாதபடி சந்தாவில் சிக்கவைப்பது, பொய் அவசரம் காட்டுவது, கணினியில் வைரஸ் இருப்பதாக மிரட்டிப் போலி நீக்கும் கருவிக்குப் பணம் கட்டவைப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. இப்படிப் பணம் போயிருந்தால் முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பெரியப்பாவுக்கு 1915-ல் பதிந்த பிறகு பணம் திரும்பியது.

"உங்கள் ஆன்டிவைரஸ் புதுப்பிக்கப்பட்டது, பணம் திரும்ப வேண்டுமானால் இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும் மின்னஞ்சல் வேறு வகை. அழைத்தால், தூரத்திலிருந்தே நம் கணினியை இயக்கவிடும் எனிடெஸ்க் செயலியைப் போடச் சொல்வார்கள், பிறகு வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். யாராவது அப்படி உள்ளே வந்துவிட்டால் முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். போனிலிருந்து 1930-ஐ அழையுங்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்குவதற்கான எண் அது. வங்கிக்கும் உடனே எழுத்தில் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதல்ல. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் தெரிவிக்கும் வரை போனது உங்கள் இழப்பு, தெரிவித்த பிறகு போனது வங்கியின் பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

புகாருக்குப் பரிவர்த்தனை எண், அவர்கள் பேசிய போன் எண், வந்த மின்னஞ்சல், திரையின் போட்டோ எல்லாம் வேண்டும். கணினியை அணைப்பதற்கு முன் அந்தப் போட்டோவை எடுத்துவிடுங்கள்.