சேர்ந்துவிட்டால் கதை முடிந்துவிடுமா?

ஒருவனும் ஒருத்தியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அது பார்ப்பவருக்குத் தெரியும். கதையில் உடனிருப்போருக்கும் தெரியும். அவ்விருவர் மட்டும் வாய் திறப்பதில்லை. திரைப்படமாயின் இரண்டரை மணி நேரத்தில் இதற்கு ஒரு முடிவு வந்துவிடும். தொலைக்காட்சித் தொடரிலோ ஐந்தாண்டு, ஏழாண்டு என்று நீளும். அமெரிக்கத் தொடர்களில் இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது.

இந்த நீட்சிக்கு அடிப்படை காதலன்று, கணக்கு. ஆண்டுக்கு ஏறத்தாழ 22 பகுதிகள் என்பது அந்நாட்டில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஓராண்டுப் பகுதிகளைச் ‘சீசன்’ என்பர். அடுத்த சீசன் உண்டா, இல்லையா என்பதை ஒளிபரப்பு நிறுவனமே முடிவு செய்யும். சுமார் 100 பகுதிகள் சேர்ந்தால்தான் மறு ஒளிபரப்பு உரிமை நல்ல விலைக்குப் போகும் என்பதும் ஒரு கணக்கு. ஆகவே கதை எப்போது முடியும் என்பது அதை எழுதுபவருக்கே தெரியாது. முடிவு தெரியாத கதையில் திருமணத்தை எங்கே வைப்பது?

கணக்கோடு ஓர் அச்சமும் சேர்ந்துகொண்டது. அந்த அச்சத்தின் பெயர் ‘மூன்லைட்டிங்’. 1985இல் ஏ.பி.சி. நிறுவனம் தொடங்கிய இத்தொடரில் துப்பறியும் நிலையம் ஒன்றை நடத்தும் மேடியாகச் சிபில் ஷெப்பர்டும், டேவிடாகப் புரூஸ் வில்லிசும் நடித்தனர். துப்பறிவதைவிட இவர்கள் சண்டையிடுவதே மிகுதி. அந்தச் சண்டைக்காகவே மக்கள் பார்த்தனர். 1987 மார்ச்சில் இருவரும் இணைந்தனர். அதன்பின் பார்ப்போர் தொகை சரிந்தது. 1989இல் தொடர் நின்றது. ‘இணைத்தால் தொடர் சாகும்’ என்பது அன்று முதல் எழுதாத சட்டமாயிற்று.

இம்முடிவு சரியா? வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஒருசேர மாற்றிவிட்டு, கன அளவு குறைந்ததற்கு வெப்பமே காரணம் என்று எழுதினால் எந்த ஆசிரியரும் மதிப்பெண் தரமாட்டார். இங்கும் அதே நிலைதான். படப்பிடிப்பு அடிக்கடி தாமதமாயிற்று. மூன்றாம் சீசனிலேயே 15 பகுதிகள்தாம் வந்தன. ஷெப்பர்ட் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார். வில்லிஸ் ‘டை ஹார்ட்’ படத்தில் நடிக்கச் சென்றார். 1988இல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் ஐந்து மாதம் நடந்தது. தொடரை உருவாக்கிய கிளென் கார்டன் கேரனும் இடையில் விலகினார். இவை போதாவென்று கதையில் மேடியை வேறு ஊருக்கு அனுப்பி, ரயிலில் அறிமுகமான வேறொருவருக்கு மணமும் செய்து வைத்தார்கள்! ஆக, இணைந்த இருவரைக் கண்டு மக்கள் சலித்தார்கள் என்பதற்குச் சான்றே இல்லை. இணைந்து வாழும் இருவரை அத்தொடர் காட்டவேயில்லை.

ஆயினும் சட்டம் நிலைத்தது. ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ 1993இல் தொடங்கியது. 1998இல் வந்த அதன் திரைப்படத்தில் மல்டரும் ஸ்கல்லியும் முத்தமிட நெருங்கும் நொடியில் ஒரு தேனீ வந்து ஸ்கல்லியைக் கொட்டுகிறது. ஐந்தாண்டுக் காத்திருப்புக்குக் கிடைத்த விடை ஒரு தேனீ! வெளியிலிருந்து கொண்டுவரும் தடைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மாறாக, ‘தி ஆபீஸ்’ தொடரில் ஜிம்மும் பாமும் 2007இல் இணைந்தனர், 2009இல் மணந்தனர். தொடர் 2013 வரை ஓடிற்று. ‘மூன்லைட்டிங்’ பிறப்பதற்கு முன்பே ‘சியர்ஸ்’ இதனைச் செய்து காட்டியிருந்தது. பாஸ்டன் நகரத்து மதுக்கடை ஒன்றில் நடக்கும் கதை அது. கடைக்காரன் சாம் முன்னாள் பேஸ்பால் வீரன், குடியை விட்டவன், புத்தகத்துக்கும் அவனுக்கும் வெகுதூரம். அங்கே பரிமாறும் பணிக்கு வரும் டயான் இலக்கியம் கற்றவள். தான் கற்றதைப் பிறர் மறக்க விடாதவள். 1982இல் தொடங்கிய தொடர், 1983இல் முதல் சீசன் முடிவிலேயே இவர்களை இணைத்துவிட்டது. ஆனால் இவர்களைப் பிரித்து வைத்தது தேனீயன்று. அவள் கற்ற கல்வியும் அவன் கற்காததும் இருவருக்கும் நடுவே நின்றன. ஒரு முத்தத்தில் அது கரைந்துவிடவில்லை. சேர்ந்த பிறகுதான் முழுதாக வெளிப்பட்டது. படித்த பிள்ளையும் படிக்காத பெற்றோரும் ஒரே வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டே பிரிந்தனர், மீண்டும் நெருங்கினர். 1987இல் மணமேடை வரை வந்தபின், நாவல் எழுதி முடிப்பதற்காக டயான் போய்விட்டாள். அவள் போன பின்னும் தொடர் தளரவில்லை. 1990–91 சீசனில் அமெரிக்காவிலேயே முதலிடம் பெற்றது. 1993இல் இறுதிப் பகுதிக்கு டயான் திரும்பி வருகிறாள். இருவரும் புது வாழ்வு தொடங்க விமானம் ஏறுகிறார்கள். அங்கே அமர்ந்தபடியே இருவருக்கும் ஐயம் வந்துவிடுகிறது. சாம் தன் கடைக்குத் திரும்பிவிடுகிறான்.