மிலிட்டரி ஜீப்: எது அசல், எது மாற்று?



நம்ம போடியில் விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் தாத்தா யார் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஓட்டிய ஜீப்தான். ராணுவ ஏட்டில் அதன் பெயர் ‘கால் டன் டிரக்’. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகள் 6 லட்சத்துக்கும் மேல் செய்தன. போருக்குப் பின் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது.

இன்று அந்தப் போர்க்கால ஜீப்புக்கு நல்ல மவுசு. அதனால் பிற்கால வண்டிக்குப் பச்சை பெயின்ட் அடித்து “மிலிட்டரி வண்டி” என்று விற்பவர்களும் உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டறை வைத்திருக்கும் என் மாமாவிடம் கேட்டேன். “பெயின்ட்டப் பாக்காத மருமகனே, இரும்பப் பாரு” என்றார். அவர் சொன்னதும் நான் படித்ததும் இதோ:

1. கிரில்: முன்பக்க ஓட்டைகளை எண்ணுங்கள். போர்க்கால ஜீப்புக்கு 9. போருக்குப் பின் 1945-ல் பொதுமக்களுக்காக வந்த சி.ஜே.2ஏ வண்டிக்கு 7. (வில்லிஸின் முதல் 25,000 வண்டிகளில் மட்டும் இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்திருப்பார்கள்.)

2. பின்பக்கம்: போர்க்கால ஜீப்பில் பின்கதவு கிடையாது, ஸ்டெப்னி பின்னால் இருக்கும். சி.ஜே.2ஏ-வில் பின்கதவு உண்டு, ஸ்டெப்னி பக்கவாட்டில் இருக்கும். ‘1944 மாடல்’ என்று சொல்லும் வண்டியில் பின்கதவு இருந்தால் பாடி மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

3. சேஸ்: ரேடியேட்டருக்குக் கீழே குனிந்து பாருங்கள். குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த ‘ப’ மாதிரி இருந்தால் ஃபோர்டு.

4. ‘எஃப்’ முத்திரை: ஃபோர்டு தன் சாமான்களில், போல்ட் தலையில்கூட, ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்தைப் பொறித்தது.

“அப்போ எஃப் இருந்தா அசல்தானே மாமா?” என்று கேட்டேன். “அவசரப்படாதடா! இப்ப புதுசா செய்யிற போல்ட்லயும் எஃப் போட்டுத்தான் விக்கிறாங்க” என்று சிரித்தார். அதனால் ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது. நாலையும் ஒத்துப் பார்க்க வேண்டும். போல்ட்டை ஐந்து நிமிடத்தில் மாற்றலாம், சேஸை மாற்றுவது அவ்வளவு லேசு இல்லை.

இன்னொரு விஷயம். ஃபோர்டு சேஸில் வில்லிஸ் என்ஜின் இருந்தால் உடனே “டூப்ளிகேட்” என்று சொல்லிவிடாதீர்கள். ஒன்றின் சாமான் மற்றதில் பொருந்த வேண்டும் என்றுதான் ராணுவம் இரண்டையும் ஒரே அளவில் செய்யச் சொன்னது. ராணுவப் பட்டறையிலேயே கலந்து பூட்டினார்கள். அதுவும் அந்த வண்டியின் வரலாறுதான். சாமான் மாற்றுவது தப்பில்லை. மாற்றியதை மறைத்து விற்பதுதான் தப்பு.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பழைய வண்டியைப் புதுசாக்குகிறேன் என்று கிரைண்டரும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்தால் முத்திரையும் நம்பரும் சேர்ந்தே அழிந்துவிடும். பிறகு யார் வந்தாலும் உண்மையைச் சொல்ல முடியாது. எனவே உங்கள் வீட்டில் பழைய வண்டி எது இருந்தாலும், தேய்ப்பதற்கு முன் நம்பர்களை நோட்டில் எழுதி வையுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள்.



– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்