தங்க வயலுக்கு இன்னொரு சுரங்கச் சரக்கு

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் கோலார் தங்க வயல் தமிழர்களுக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் போகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது வேறொரு 'சுரங்கம்' பரிச்சயமாகியிருக்கிறது. எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய கிராஃபிக்ஸ் கார்டு, கிரிப்டோ நாணயம் தோண்ட இரவு பகலாக ஓடியதாக இருக்கலாம். 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றியதும் வேலையிழந்த கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன.

விலை ஆசை காட்டும். 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 வேகமானதுதான். ஆனால் அது மட்டுமே 185 வாட் இழுக்கும். கேபினெட்டோடு வரும் மலிவு எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்பது சந்தேகம். மாற்றினால், கார்டில் மிச்சம் பிடித்த காசு அதில் போய்விடும். 1902லேயே சிவசமுத்திரம் மின்சாரம் பார்த்த ஊருக்கு வாட் கணக்கு புதிதல்ல! 2019ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650க்கு 75 வாட் போதும். பல மாடல்களுக்குத் தனி ஒயர்கூட வேண்டாம். நினைவகம் 4 ஜிபி என்பதால் புதிய பெரிய விளையாட்டுகளில் திணறும். வாலரன்ட் ஆடுகிறவருக்குத் தாராளம்.

பழையதுதான் வேண்டுமென்றால் கடையிலேயே அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃபேன் சத்தம், திரையில் புள்ளிகள் எல்லாம் சூடேறினால்தான் தெரியும். பழைய கார்டுக்குப் புதிய பெயர் சூட்டி விற்பதும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பில்லும் வாரண்டியும் கட்டாயம். வீட்டுக்கு வந்தபின் கோளாறு என்றால் மறுபடி ரயிலேற வேண்டும். ஒரு நாள் சம்பளமும் போகும்.