ஆற்றுக்குள் போகும் குளிசை

மவுசாகலையிலிருந்து இறங்கும் மஸ்கெலி ஓயாவும் காசல்ரீயிலிருந்து இறங்கும் கெஹெல்கமு ஓயாவும் பொல்பிட்டிய அருகே சேர்ந்த பிறகுதான் அந்த ஆற்றைக் களனி கங்கை என்கிறார்கள். பெயர் கிடைப்பதற்கு முன்பே அந்தத் தண்ணீர் நிறைய உழைத்துவிடுகிறது. நோர்ட்டன் பிரிட்ஜ், கெனியன், லக்ஷபான என்று சுரங்கங்களிலும் குழாய்களிலும் விழுந்து மின்சாரம் தருகிறது. 1969இல் ஓடத் தொடங்கிய பொல்பிட்டிய மின்நிலையத்தையும் சுழற்றிவிட்டு, கித்துல்கலைப் பக்கம் இறங்குகிறது. கடைசியில் அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு, கொழும்பு வீடுகளின் குழாய்களில் வருகிறது.

வருகிற வழியெல்லாம் மனிதர்கள். பொகவந்தலாவை, நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியா என்று மேலே தோட்டங்களும் லயங்களும் கடைத்தெருக்களும். கீழே போகப் போகப் பட்டணங்களும் தொழிற்சாலைகளும். மனிதர்கள் இருக்கிற இடத்தில் காய்ச்சல் உண்டு, காய்ச்சல் உள்ள இடத்தில் மருந்து உண்டு. விழுங்கிய மருந்து உடம்போடு நின்றுவிடுவதில்லை.

சின்னம்மை கண்ட பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வைத்தியர் பொதுவாக எழுதிக் கொடுப்பது அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து: 800 மில்லிகிராம் குளிசை, நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள். கூட்டிப் பார்த்தால் 28 கிராம். வாய்வழி விழுங்கும் அசைக்ளோவிரில் குடல் உறிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போவது அரிது. மிச்சம் அப்படியே வெளியேறும். உறிஞ்சப்பட்டதிலும் பெரும்பகுதி, உருமாறாமல் சிறுநீரில் வந்துவிடும். இன்புளுவன்சாக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கும் ஒசெல்டாமிவிர், அதாவது டமிஃப்ளூ, வேறு மாதிரி. ஈரல் அதை மாற்றினால்தான் அது வைரஸைத் தடுக்கும். அப்படி மாறிய வீரியமுள்ள மருந்து, சிதையாமல் சிறுநீர் வழியே கழிவுநீருக்குப் போகிறது.

கழிவுநீர் நிலையங்களில் இது அழியாதா? 2007இல் சுவீடன் விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமான சுத்திகரிப்பு முறைகளில் ஒசெல்டாமிவிரின் அந்த வடிவம் அசையவில்லை. அடுத்து அவர்கள் பார்த்தது ஜப்பானை. உலகிலேயே டமிஃப்ளூவை அதிகம் விழுங்கிய நாடு அது. அங்கே யோடோ ஆற்றில் லீற்றருக்கு 58 நனோகிராம் வரை மருந்து கிடைத்தது. ஒரு நனோகிராம் என்பது கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு.

இவ்வளவு சொற்பத்தால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். குடிக்கிற மனிதருக்கு உடனடியாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆறுகளில் வாத்துகள் மிதக்கின்றன. இன்புளுவன்சா வைரஸின் இயற்கையான இருப்பிடமே நீர்ப்பறவைகளின் குடல்தான். 2011இல் வெளியான சுவீடன் ஆய்வில், வைரஸ் தொற்றிய காட்டு வாத்துகளை மருந்து கலந்த தண்ணீரில் விட்டார்கள். மருந்து லீற்றருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோகிராமை, அதாவது 1,000 நனோகிராமை எட்டியபோது, வாத்துகளின் உடலில் இருந்த வைரஸ் டமிஃப்ளூவுக்கு அடங்காத வடிவத்துக்கு மாறியது. யோடோ ஆற்றில் கண்ட அளவு அதைவிடப் பல மடங்கு குறைவு. ஆயினும் கொள்ளைக் காய்ச்சல் பரவி, ஊரே ஒரே மருந்தை விழுங்குகிற மாதங்களில் ஆற்றின் கணக்கு மாறக்கூடும் என்பதுதான் அந்த ஆய்வாளர்களின் கவலை.

ஜெர்மனியின் அனுபவம் இன்னொரு பாடம். கொப்லென்ஸ் நகரிலுள்ள கூட்டாட்சி நீரியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அசைக்ளோவிரைப் பின்தொடர்ந்தார்கள். கழிவுநீர் நிலையத்தின் பக்டீரியாக்கள் அதைத் தின்று, கார்பொக்ஸி அசைக்ளோவிர் என்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. மருந்து மறைந்துவிட்டது என்று ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் மாறிய பொருள் ஆறுகளில் லீற்றருக்கு 3,200 நனோகிராம் வரையும், குடிநீரில் 40 நனோகிராம் வரையும் இருந்தது. அதை ஓசோன் வாயுவால் உடைத்தால் மூன்றாவதாக ஒரு பொருள் பிறந்தது. அது பாசிகளின் வளர்ச்சியைத் தடுத்தது. ஒன்றை ஒழிக்கப் போய் இன்னொன்றை உண்டாக்கிய கதை.

பயம் எந்த அளவுக்கு வேண்டும் என்பதற்கும் இங்கே ஒரு கணக்கு உண்டு. லீற்றருக்கு 40 நனோகிராம் என்றால், ஒரேயொரு 800 மில்லிகிராம் குளிசைக்குச் சமமான அளவு உடம்பில் சேர 2 கோடி லீற்றர் குடிக்க வேண்டும். தினம் 2 லீற்றர் வீதம் குடித்தால் 27,000 வருடம் ஆகும். ஆகவே குழாயைத் திறக்கப் பயப்பட வேண்டியதில்லை. பிரச்சினை ஆற்றின் உயிர்களையும், மருந்துக்கு அடங்காமல் போகக்கூடிய வைரஸ்களையும் பற்றியது.

சாதாரணக் குடிநீர் நிலையம் படிகாரம் போட்டுச் சேற்றைப் படியவைக்கும், மணலில் வடிக்கும், குளோரின் சேர்த்துக் கிருமியைக் கொல்லும். கலங்கலையும் கிருமியையும் குறிவைத்துக் கட்டிய ஏற்பாடு அது. சீனிபோலக் கரைந்து கிடக்கும் மருந்து மூலக்கூறு மணலுக்குள் நழுவிப் போய்விடும். அதைப் பிடிக்க வந்ததுதான் புற ஊதா ஒளியும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் சேர்ந்து செய்யும் ஒட்சியேற்றம்.

பொறி பார்வைக்கு எளிமையானது. உருக்குக் குழாய் ஒன்றுக்குள் வரிசையாகப் பாதரச விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் குவார்ட்ஸ் உறை. உறைகளைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. பரவலாகப் பயன்படும் தாழமுக்க விளக்கின் ஒளி 254 நனோமீற்றர் அலைநீளம் கொண்டது. குழாய்க்குள் நுழையும் முன் தண்ணீரில் கொஞ்சம் பெரொக்சைட்டைக் கலக்கிறார்கள். மருந்துக்கடையில் புண் கழுவ வாங்கும் அதே திரவம்தான், அளவு மட்டும் லீற்றருக்குச் சில மில்லிகிராம். ஒளி பட்டதும் ஒரு பெரொக்சைட்டு மூலக்கூறு நடுவில் பிளந்து இரண்டு ஹைட்ரொக்சில் துணுக்குகளாகிறது. ஒவ்வொன்றிலும் இணையில்லாத ஓர் இலத்திரன். அந்தக் குறையைத் தீர்க்கப் பக்கத்தில் இருப்பதைப் பிய்த்துவிடும். பந்தியில் உட்கார்ந்த பசிக்காரர் எது யாருடைய இலை என்று பார்ப்பாரா?

அசைக்ளோவிருக்கு இங்கே இரட்டை அடி. மரபணுவின் ஓர் எழுத்தான குவானைனைப் போலவே கட்டப்பட்ட மருந்து அது. வைரஸை ஏமாற்றுவதற்காகச் செய்த அந்த வேடமே 254 நனோமீற்றர் ஒளியை நன்றாக உறிஞ்சவும் வைக்கிறது. ஒசெல்டாமிவிர் அப்படியில்லை. ஒளி மட்டும் அதை அதிகம் தொடாது, துணுக்குகள்தான் உடைக்க வேண்டும்.

இது ஆய்வுகூடத்தோடு நின்ற வித்தை அல்ல. நெதர்லாந்தின் அன்டைக் ஊரில், ஐசல்மேர் ஏரித் தண்ணீரைக் குடிநீராக்கும் நிலையம் 2004இலேயே இதைப் பொருத்தியது. அங்கே குறி முதலில் பூச்சிமருந்துகள். கிருமி கொல்ல வழக்கமாகத் தேவைப்படும் ஒளி சதுர சென்ரிமீற்றருக்கு 40 மில்லிஜூல். அன்டைக் கொடுத்தது 540. அதோடு லீற்றருக்கு 6 மில்லிகிராம் பெரொக்சைட்டு. கலிபோர்னியாவின் ஒரேஞ்ச் கவுண்டியில் 2008 முதல், கழிவுநீரை நுண்வடிகளிலும் எதிர்ச் சவ்வூடுபரவலிலும் வடித்த பிறகு, கடைசிக் காவலாக இதே முறையை வைத்திருக்கிறார்கள்.

மலையகத்துக் கண்ணோடு பார்த்தால் மூன்று விஷயம் இடிக்கிறது.

முதலாவது சேறு. தென்மேற்குப் பருவமழை வலுத்தால் களனி செம்மண் நிறமாகும். கலங்கிய நீரில் ஒளி இறங்காது. அழுகிய இலைகளின் கரிமச் சாறும் தண்ணீரில் கரைந்த பைகார்பனேட்டும், மருந்தைத் தொடுவதற்கு முன்பே துணுக்குகளைத் தின்றுவிடும். ஆகவே நீரை நன்றாகத் தெளியவைத்து வடித்த பிறகுதான் இந்த விளக்குக்கு வேலை.

இரண்டாவது மின்சாரம். அன்டைக்கில் ஒரு கன மீற்றர் தண்ணீருக்கு ஏறத்தாழ அரை யூனிட் செலவானது. நாளுக்கு ஒரு லட்சம் கன மீற்றர் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு அந்தக் கணக்கில் 50,000 யூனிட் வேண்டும். 75 மெகாவற் திறனோடு தொடங்கிய பொல்பிட்டிய மின்நிலையம் முழு வேகத்தில் 40 நிமிடம் ஓடினால் கிடைக்கும் மின்சாரம் அது. கொழும்பின் தேவையோ இந்த அளவைப் போலப் பல மடங்கு.

மூன்றாவது மிச்சம். உடைந்த மருந்து முழுக்கக் காபனீரொட்சைட்டும் நீருமாகிவிடுவதில்லை. இடைநிலைப் பொருட்கள் நிற்கும், கொஞ்சம் பெரொக்சைட்டும் நிற்கும். அதனால் விளக்கைத் தாண்டிய நீரைச் செயலூட்டிய கரிப் படுகையில் விடுவது வழக்கம். கரி பெரொக்சைட்டை முறிக்கும், துண்டுகளைப் பிடித்துவைக்கும். அந்தக் கரிக்கு இலங்கை எங்கும் போக வேண்டாம்: தேங்காய்ச் சிரட்டையிலிருந்து அதைச் செய்து உலகச் சந்தைக்கு அனுப்புகிற நாடுகளில் இலங்கையும் முக்கியமானது.

தொழிற்சாலைக் கழிவின் கதை தனி. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிட்ட நீரில், லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரொஃப்ளொக்சசின் இருந்ததாக 2007இல் சுவீடனின் ஜோக்கிம் லார்சன் குழு எழுதியது. அது வைரஸ் மருந்தல்ல, பக்டீரியாக் கொல்லி. யோடோ ஆற்றில் கண்ட 58 நனோகிராமோடு ஒப்பிட்டால் பல லட்சம் மடங்கு. ஆற்றில் கலந்து விரிந்த பிறகு அதைத் துரத்துவது வீண்செலவு. ஆலையின் வாசலிலேயே மறிக்க வேண்டும்.

லயத்துப் பீலியில் குடம் பிடிக்கிறவருக்கு இந்த விளக்கு இப்போது தேவையில்லை. ஊற்றுக்கு மேலே கழிவறை இல்லாமல் பார்ப்பதும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும்தான் அங்கே முதல் வேலை. வைரஸ் மருந்தை உடைக்கும் ஒட்சியேற்றம் சேர வேண்டிய இடம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள பெரிய சுத்திகரிப்பு நிலையங்களும் பெரிய ஆஸ்பத்திரிகளின் கழிவுநீர்த் தொட்டிகளும்தான். அங்கேயும் படிகாரம், மணல், குளோரின் ஆகியவற்றுக்குப் பதிலாக அல்ல, அவற்றோடு சேர்த்து.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. வைத்தியர் எழுதாமல் வைரஸ் மருந்தை வாங்காதீர்கள். மிஞ்சிய, காலாவதியான குளிசைகளைக் கழிவறையிலோ கானிலோ கொட்டாதீர்கள். தேயிலைச் சக்கையோடு கலந்து, இறுகக் கட்டிய பையில் போட்டுக் குப்பையோடு அனுப்புங்கள்.