ஆமை எந்தப் பக்கம் திரும்பும்?

அந்தமானில் இருக்கும் அக்கா மகளுக்குப் பேசும் பலகை ஒன்றை வாங்கி, கப்பலில் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினேன். பொத்தானை அழுத்தினால் வாய்ப்பாடு சொல்லும், சரியான விடைக்குக் கைதட்டும். கொஞ்ச நாள் வீடே கலகலத்தது. சில மாதங்களில் உள்ளே செல் கசிந்து வெள்ளைப் பொடி பூத்து, ஸ்பிரிங் துருவேறி, வாயடைத்துப் போயிற்று. உப்புக் காற்றுக்கு இது ஒன்றும் புதிதல்ல. எனக்கு உறுத்தியது வேறு: பலகை நின்றதை அவள் இரண்டு நாள் கவனிக்கவே இல்லையாம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. அப்போது தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தது. பாட வீடியோ பாதியில் உறைந்து நிற்கும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) கார் நிக்கோபார், கமோர்ட்டா, ரங்கத் உள்ளிட்ட இடங்களுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. பெரிய விடிவு அது. ஆனால், நல்ல இணையம் வந்ததும் நல்ல பொம்மை எது என்ற கேள்வி தானாகத் தீர்ந்துவிடவில்லை.

அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் அன்னா சோசா செய்த ஆய்வு 2015 இறுதியில் வெளியானது. 10 முதல் 16 மாதக் குழந்தைகள், கூடவே பெற்றோர். மொத்தம் 26 ஜோடி. மின்னணு பொம்மை, சாதாரண பொம்மை, படப்புத்தகம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார். மின்னணு பொம்மையோடு இருக்கும்போதுதான் பெற்றோர் மிகக் குறைவாகப் பேசினார்கள். பொம்மை பேசுகிறதே, நாம் எதற்கு என்று வாய் தானாக மூடிக்கொள்கிறது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் மழலைக்குப் பேச்சு வருவது நாம் பேசக் கேட்டும், அது உளறும்போது நாம் பதில் சொல்லியும்தான்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு? இங்கே எனக்கு வழிகாட்டி சீமோர் பாப்பர்ட். சின்ன வயதில் பல்சக்கரங்களோடு விளையாடியே கணக்கில் மனம் பதித்தவர். 1967-இல் சிந்தியா சாலமன், வாலி ஃபூர்சைக் ஆகியோரோடு சேர்ந்து குழந்தைகளுக்காக ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினார். பிறகு அதன் கட்டளைக்குக் கட்டுப்பட்டுத் தரையில் கோடு இழுத்துக்கொண்டு ஊர்ந்தது ஒரு எந்திர ஆமை. முன்னே போ, வலப்பக்கம் இத்தனை பாகை திரும்பு என்பது போன்ற சில கட்டளைகள்தான் அதற்குத் தெரியும். குழம்பினால் நீயே ஆமையாகி நடந்து பார் என்பார் பாப்பர்ட். கணினி குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில், குழந்தையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார்.

திக்லிப்பூர் பக்கம் காலிப்பூர் கடற்கரையில் முட்டையிட வரும் ஆமைகளைப் பார்த்தவள் என் அக்கா மகள். அதனால் ஆமை விளையாட்டு என்றதும் ஒட்டிக்கொண்டாள். பொம்மை வாங்கவில்லை. சாதாரண போன் பேச்சில் நான் விதியைச் சொன்னேன். ஆமை, அவள் அப்பா. கையில் சாக்பீஸ். முன்னே நாலடி, வலப்பக்கம் 90 பாகை. இதையே நான்கு தடவை. வராந்தாவில் சதுரம் விழுந்தது. அடுத்து முக்கோணம். பள்ளியில் படித்த 60 பாகையை அப்படியே சொல்லியிருக்கிறாள். மூன்று தடவை நடந்தும் அப்பா புறப்பட்ட இடத்துக்குத் திரும்பவில்லை. விழுந்தது பாதி அறுகோணம்.

“மாமா, அப்பா தப்பா நடக்குறாரு!”

“நீயே நடந்து பாரு.”

வாங்கத்தான் வேண்டும் என்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இணையம் போனாலும் ஓட வேண்டும். குழந்தைகள் நிரல் எழுதும் ‘ஸ்கிராட்ச்’ மென்பொருளை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், பிறகு வலை வேண்டாம். பொம்மை, தெருமுனைக் கடையில் கிடைக்கிற பேட்டரி செல்லில் ஓடுவது நல்லது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டன் செல் உள்ள பொம்மை என்றால் மூடி திருகாணியால் இறுகியிருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. விழுங்கிய செல் உணவுக்குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். வெளித் தீவிலிருந்து தலைநகரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வரக் கப்பலோ ஹெலிகாப்டரோ வேண்டும் என்பதைத் தீவுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கையில் காசு குறைவு என்றால் அரவிந்த் குப்தாவைத் தேடுங்கள். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் கோத்து முக்கோணமும் பிரமிடும் கட்டக் கற்றுத்தந்தவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பொம்மைகள் உடைந்தால் பிள்ளையே சரி செய்துகொள்ளும்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் போன் வந்தது. “மாமா, 120! உள்ள இருக்கிறதுதான் 60. ஆமை வெளியிலதான் திரும்புது!” மூச்சு வாங்கிற்று அவளுக்கு. அடுத்து வட்டம் போடப்போகிறாளாம். அப்பாவை ஒவ்வொரு பாகையாக 360 தடவை திருப்ப வேண்டுமாம்.