பழைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே புதுப்பித்தல்

இயந்திரம் ஒன்று ஓடாது நின்றுவிட்டால் அதனைப் பழைய இரும்பாக எடைக்கு விற்றுவிடுவது உலக வழக்கம். அவ்வாறு விற்கப்படாது, கொட்டகை மூலையில் சாக்கினடியில் ஆண்டுக்கணக்காக உறங்கும் மோட்டார் சைக்கிள் எப்போதாவது ஒருவர் கண்ணில் படுவதுண்டு. அதனை மீண்டும் ஓடச் செய்ய வேண்டும் என்னும் ஆசை பிறந்தால், பட்டறை அனுபவம் இல்லாதவரும் அதனை நிறைவேற்றிக்கொள்ளலாம். வேண்டுவன பொறுமை, ஒழுங்கு, சிறிது அறிவு ஆகிய மூன்றே.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட சப்பிரகமுவ மாகாணம் தேயிலையும் இறப்பரும் செழிக்கும் மலைநாடு. கார் செல்ல முடியாத ஒடுங்கிய தோட்டப் பாதைகளில் சின்னத்துரைமாருக்கு ஏற்ற வாகனமாக அமைந்தது மோட்டார் சைக்கிள். பி.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரையம்ப் முதலியன அக்காலத்தில் பேர்பெற்ற பிரித்தானிய வண்டிகள். தூரத்தில் அதன் ஓசை கேட்டதும் மலையில் வேலை செய்வோர் துரை வருகிறார் என்று அறிவர். பாதையில் நிற்போர் ஓரமாக ஒதுங்குவர். இன்று அதே ஓசையை எழுப்ப முயல்வோர் அவ்வாறு ஒதுங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகளாகவும் இருத்தல் கூடும்.

வீட்டில் முதன்முதலாகத் தொடங்குவோருக்கு மிகவும் ஏற்றது பி.எஸ்.ஏ. பாண்டம் என்னும் சிறு வண்டி. 1948ஆம் ஆண்டு வெளிவந்த இதன் இயந்திரம் 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது. இதன் பிறப்பு ஒரு தனிக் கதை. 1939இல் ஜெர்மனியில் டி.கே.டபிள்யூ. நிறுவனம் உருவாக்கிய ஆர்.டி. 125 என்னும் வண்டியின் வடிவம், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றபின் வென்ற நாடுகளின் கைக்கு வந்தது. இங்கிலாந்தில் பாண்டமும், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் சிறு வண்டியும், ருஷ்யாவில் மொஸ்குவா வண்டியும் அதிலிருந்தே தோன்றின. ஜப்பானில் யமஹா 1955இல் வெளியிட்ட முதல் வண்டியும் அதனைப் பின்பற்றியதே. ஆங்கிலேயர் தம் வழக்கத்துக்கேற்பக் கியர் மிதியை வலப்புறம் அமைப்பதற்காக, அவ்வடிவத்தைக் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் இடம்வலமாக மாற்றினர். 1971 வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பாண்டம் வண்டிகள் செய்யப்பட்டன.

பாண்டம் வெளிவந்த அதே 1948ஆம் ஆண்டில்தான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென வகுத்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் கப்பலேறினர், தொழிலாளர் பலரும் கப்பலேறினர். அக்காலத்தின் சான்றாக எஞ்சிய பொருள்கள் சிலவே. ஆதலின் பழைய வண்டியைப் புதுப்பித்தல் வெறும் பொழுதுபோக்கு மட்டுமன்று.

முதலிற் செய்ய வேண்டியது ஸ்பானரை எடுப்பதன்று, பத்திரங்களைப் பார்ப்பது. சட்டகத்திலும் இயந்திரத்திலும் பொறித்துள்ள எண்கள் பதிவுப் புத்தகத்தின் எண்களோடு ஒத்திருத்தல் வேண்டும். தோட்டக் கொட்டகையில் கிடக்கும் வண்டி உரிமையாளர் அற்றது என்று எண்ணுதல் தவறு. உரியவரிடமிருந்து எழுத்துமூலம் பெறுதல் வேண்டும். துருவைத் தேய்க்கும் வேகத்தில் பொறித்த எண்ணையும் தேய்த்துவிட்டால் வண்டியின் அடையாளமே அழிந்துபோகும்.

அடுத்தது கழற்றுதல். ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் படம் பிடித்து, கழற்றியதைத் தனித்தனித் தகரப் பேணியிலிட்டுப் பெயர் எழுதிவைக்க வேண்டும். இங்கே பலர் இடறுவதுண்டு. பழைய பிரித்தானிய வண்டிகளின் போல்ட்டுகளும் நட்டுகளும் மில்லிமீற்றர் அளவில் அமைந்தவையல்ல. அவற்றுட் பல, அங்குலத்துக்கு 26 புரி கொண்ட சைக்கிள் மரை உடையன. இன்றைய ஸ்பானர் ஏறத்தாழப் பொருந்துவதுபோற் காட்டி நட்டின் மூலைகளை வழித்துவிடும். பொருந்தாத போல்ட்டை வலிந்து திருகினால் அலுமினிய உடலின் மரையும் கெட்டுப்போகும்.

பலகாலம் நின்ற இயந்திரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகியிருப்பது வழக்கம். அதனை உதைத்து விடுவிக்க முயலலாகாது. ஸ்பார்க் பிளக் துவாரத்தின் வழியே மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து ஊற்றிச் சில நாட்கள் விட்டுவைத்தால், பெரும்பாலும் மெல்ல இளகிவரும்.

பாண்டம் இரு வீச்சு இயந்திரம். பிஸ்டன் மேலே செல்லும்போது கீழறை பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளிழுக்கிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது அக்கலவையை அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆகவே கீழறை காற்றுப் புகாததாக இருத்தல் இன்றியமையாதது. சுழல்தண்டின் முனைகளிலுள்ள எண்ணெய் சீல்கள் முதுமையால் வெடித்தால், வெளிக்காற்று புகுந்து கலவையில் பெற்றோல் குறையும். அப்போது இயந்திரம் இயங்க மறுக்கும். இயங்கினாலும் அளவுமீறிச் சூடேறிப் பிஸ்டன் மீண்டும் இறுகும். புதிதாகத் தொடங்குவோர் காபரேற்றரைப் பத்து முறை கழுவியும் பயன் காணாது சோர்வது பெரும்பாலும் இதனாலேதான். சில்லறை விலையில் கிடைக்கும் சீல்களைத் தொடக்கத்திலேயே மாற்றிவிடுவது நன்று. இவ்வியந்திரத்துக்கு எண்ணெய் பெற்றோலோடு கலந்தே செல்கிறது என்பதையும் மறத்தலாகாது.

இறப்பர் நாட்டவர் அறியவேண்டிய செய்தியொன்றுண்டு. மரத்துப் பாலிலிருந்து செய்யும் இயற்கை இறப்பர் டயருக்குச் சிறந்தது. ஆனால் பெற்றோலும் எண்ணெயும் பட்டால் உப்பி மிருதுவாகிவிடும். எனவே பெற்றோல் குழாய்க்கும் சீலுக்கும் நைத்திரைல் போன்ற செயற்கை இறப்பரே ஏற்றது.

மழை மிகுந்த சப்பிரகமுவவில் துருவே பெரும் பகை. சலவைச் சோடா கரைத்த நீரில் இரும்புப் பகுதியை இட்டு, பற்றரிச் சார்ச்சரின் எதிர்முனையை அதனோடும், நேர்முனையைப் பழைய இரும்புத் துண்டொன்றோடும் இணைத்தால் துரு கழன்றுவிடும். துருப்பிடியா உருக்கை நேர்முனையில் இடலாகாது. நச்சுப் பொருள் உண்டாகும். அலுமினியத்தையும் அந்நீரில் இடலாகாது, அது அரிக்கப்படும். தீப்பற்றும் ஐதரசன் வாயு எழுவதால் திறந்த வெளியிலேயே இதனைச் செய்தல் வேண்டும்.

உயிரைக் காக்கும் விதிகள் இரண்டு. வெறுமையான பெற்றோல் தாங்கியை ஒருபோதும் வீட்டில் ஒட்டவைக்க முயலலாகாது. அதனுள் தங்கிய ஆவி வெடிக்கும். பழைய பிறேக் கட்டைகளின் தூளை ஊதலாகாது; அதில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருத்தல் கூடும். ஈரத்துணியால் துடைத்து அகற்றுக.

ஓடுவதற்கு முன் நிற்பதைச் சரிபார்த்தல் வேண்டும். மலைப்பாதையில் இறங்கும்போது இயந்திரத்தின் வலிமையன்று, பிறேக்கின் வலிமையே துணை.

எவ்வளவு புதுக்குவது என்பது கடைசிக் கேள்வி. கடையிலிருந்து வந்ததுபோல் மினுக்குவாரும் உளர். பழைய நிறப்பூச்சை அப்படியே காப்பாரும் உளர். பாதுகாப்புக்குரியவற்றைப் புதிதாக்கி, ஏனையவற்றை இயன்றவரை விட்டுவைப்பது நடுவழி. மங்கிய பச்சை வண்ணமும், மிதியிற் படிந்த தேய்வும் அவ்வண்டி கண்டவற்றுக்குச் சாட்சி. பூசி மறைத்தபின் அச்சாட்சியை மீட்க இயலாது.

இரத்தினபுரியில் மாணிக்கம் தேடுவோர் கூடை கூடையாகக் கற்களை அரித்து ஒரு கல்லுக்காகக் காத்திருப்பர். பழைய வண்டியைப் புதுப்பிப்பவருக்கும் அத்தகைய பொறுமை வேண்டும். ஒருநாள் உதைமிதி இறங்க, புகை கக்கி இயந்திரம் உயிர்பெறும். அவ்வோசை கேட்டு இப்போது எவரும் வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. அருகில் வந்து பார்க்கலாம்.