வானொலி இரைகிறதா? தமிழிலேயே முறைப்பாடு எழுதுங்கள்

யுத்த காலத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத குடாநாட்டில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். இன்று கரவெட்டியில் ஒரு நிலையத்தின் மேல் இன்னொரு நிலையம் ஏறிப் பேசினால், வானொலியை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். அரசுக்குக் கடிதம் எழுதத் தயங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

முதலில் காரணத்தைப் பிரித்தறியுங்கள். வீட்டு எல்.ஈ.டி. மின்குமிழையோ மோட்டாரையோ நிறுத்தியதும் இரைச்சல் நின்றால், கோளாறு வீட்டுக்குள்தான். சில நாட்களில் மட்டும் இந்திய நிலையம் குறுக்கிட்டால், அது பெரும்பாலும் காலநிலையின் வேலை. கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்றுக்கு மேலே சூடான காற்று படியும்போது பண்பலை அலைகள் வளைந்து, சுமார் 130 கி.மீ. தொலைவிலுள்ள காரைக்காலில் இருந்தும் வடமராட்சியை எட்டும்.

குறுக்கீடு நாள்தோறும் தொடர்ந்தால், கொழும்பிலுள்ள இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். 1996இல் திருத்தப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் அலைவரிசைகளை நிர்வகிப்பது அதுவே. இடம், மெகாஹேர்ட்ஸ் எண், திகதி, நேரம், குறுக்கிடும் நிலையத்தின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். ஒரு வார காலக் குறிப்பும் கைபேசி ஒலிப்பதிவும் இருந்தால் நல்லது. வெளிநாட்டு நிலையமென்றால், சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளின்படி அரசுகளே தமக்குள் பேசித் தீர்க்க வேண்டும்.

தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். தகவல் தருவதா, மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் கடிதப் பிரதியையும் பத்திரமாக வைத்திருங்கள்.